சேகரிப்புப் பொருள்களை இணையத்தில் விற்கும்போது வாங்குபவரால் வரும் சங்கடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாணயம், அஞ்சல்தலை, பழைய இசைத்தட்டு, விளையாட்டு வீரர் படம் அச்சிட்ட விளையாட்டு அட்டை என்று ஏதோ ஒன்றைப் பல ஆண்டுகள் ஆசையாகச் சேர்த்து, அதில் ஒரு பகுதியை இணையத்தில் விற்கத் தொடங்கியவர்கள் முதல் சில மாதங்களிலேயே என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் விற்பது அஞ்சல்தலைகளும் நாணயங்களும்; மற்றப் பொருள்களைப் பற்றி இங்கே எழுதியிருப்பது அவற்றை விற்கும் நண்பர்களோடு பேசி அறிந்தது.

புதுக் கைப்பேசி விற்பவருக்கு இல்லாத தொல்லை நமக்கு மட்டும் ஏன் வருகிறது?

புதிய கைப்பேசி ஒன்றைப் போலவே இன்னொன்றும் இருக்கும். மாடலின் பெயரைச் சொன்னாலே என்ன வரப்போகிறது என்பது வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். சேகரிப்புப் பொருளில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. உலகின் முதல் ஒட்டு அஞ்சல்தலையாகிய 1840-ஆம் ஆண்டின் பென்னி பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் கிழித்தெடுக்க உதவும் துளைப்பற்கள் அதற்குக் கிடையாது; முழுத்தாளிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். அன்று வெட்டியவரின் கை சற்றே கோணியிருந்தால் ஒரு பக்கத்து ஓரம் காணாமல் போயிருக்கும். நான்கு பக்கமும் ஓரம் நிறைந்த தலைக்கும் இரண்டு பக்கம் மட்டும் ஓரமுள்ள தலைக்கும் இன்று விலையில் பெரிய இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வெண்ணிற ஓரம் மதிப்பைத் தீர்மானிக்கும் இடத்தில், திரையில் பார்த்துப் பணம் கட்டியவருக்குக் கையில் வாங்கியதும் மனம் மாறுவது இயல்பு.

பொருளைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்த அளவு வாங்குபவருக்குத் தெரியாத சந்தை எப்படிச் சீர்கெடும் என்பதை ஜார்ஜ் அகர்லோஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் பழைய கார்களை முன்வைத்து விளக்கினார். தரத்தைக் கண்டறிய முடியாத வாங்குபவர் எல்லாப் பொருளையும் சந்தேகத்துடனேயே விலை கேட்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல பொருள் வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டு விலகுவார்கள். மிஞ்சுவது மட்டமான சரக்கு. நம்மிடம் முதல் செய்தியிலேயே கடுகடுப்பாகப் பேசும் வாங்குபவர்களில் பலர் இதற்கு முன் எங்கோ ஏமாந்தவர்கள். ஏமாற்றவே வருபவர்கள் சிலர்தான் என்பது என் அனுபவம். ஆனால் அஞ்சுபவரானாலும் ஏமாற்றுபவரானாலும் நமக்குக் கைகொடுப்பது ஒன்றே: பொருளை அனுப்புவதற்கு முன்பே நாம் உருவாக்கி வைத்திருக்கும் சான்று. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் அந்தச் சான்றைப் பற்றியவை.

நான் "மிக நல்ல நிலை" என்று எழுதினேன். அவர் "சுமாரான நிலை" என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் உண்மையாகவே அப்படி நம்பலாம் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட் நாணயங்களுக்காக வில்லியம் ஷெல்டன் 1949-இல் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். 70 பெற்ற நாணயம் 1 பெற்ற நாணயத்தைப் போல் 70 மடங்கு விலை போகும் என்பது அவருடைய கணக்கு. அந்த விலைக் கணக்கு விரைவிலேயே பொய்த்துப்போனது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. இன்று புழக்கத்துக்கே வராத நாணயங்களுக்கு மட்டும் 60 முதல் 70 வரை 11 படிகள் இருக்கின்றன. 64-க்கும் 65-க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லில் விளக்கப் பழுத்த நிபுணரும் திணறுவார். தரத்தைப் பற்றிய இத்தகைய தகராறுகள் பெருகியதால்தான் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்றாவது ஆளாக இருந்து தரம் சொல்லும் நிறுவனங்கள் தோன்றின. நாணயங்களுக்கு 1986-இல் பிசிஜிஎஸ்ஸும் 1987-இல் என்ஜிசியும் இயங்கத் தொடங்கின. விளையாட்டு அட்டைகளுக்கு 1991-இல் பிஎஸ்ஏ வந்தது.

அப்படிச் சான்று பெறாத பொருளுக்கு நாமே தரம் சூட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். "மிக நல்ல நிலை" என்பது என் கருத்து. அதை எவரும் மறுக்கலாம். "பின்புறத்தில் 7 மணி திசையில் விளிம்பில் ஒரு சிறு நசுங்கல், முகப்பில் கன்னத்தின் மேல் இரண்டு மெல்லிய கீறல்கள், பழைய துப்புரவின் தடம் லேசாகத் தெரிகிறது" என்பது பொருளைப் பற்றிய செய்தி. படத்தைப் பார்த்து எவரும் சரிபார்க்கலாம். குறைகளை இப்படி எண்ணி எழுதினால் விலை குறையும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. சிறிது குறையத்தான் செய்யும். திரும்பி வரும் பொட்டலத்தின் செலவும், வாரக்கணக்கில் நீளும் கடிதப் போக்குவரத்தும், கெட்ட தூக்கமும் அதைவிடப் பெரிய இழப்பு.

எப்படிப்பட்ட படங்கள் பின்னர் சான்றாக நிற்கும்?

அழகான படமும் சான்றாகும் படமும் வேறு வேறு. நாணயத்துக்கு நேர் மேலிருந்து ஒளி விழுந்தால் உருவம் பளிச்சென்று தெரியும், மயிரிழைக் கீறல்களோ மறைந்துவிடும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நாணயத்தைச் சற்றே திருப்பித் திருப்பி நான்கைந்து படம் எடுத்தால்தான் அவை வெளிப்படும். இதை வாங்குபவர் வீட்டு ஜன்னல் ஓரத்தில் செய்து பார்ப்பதற்கு முன் நாம் செய்துவிட வேண்டும். அஞ்சல்தலைக்கு ஸ்கேனர் நல்லது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில், பின்னால் கறுப்புத் தாளை வைத்து எடுத்தால் குட்டையான பல்லும் மடிந்த மூலையும் தப்பாமல் விழும். பின்பக்கத்தை எடுக்க மறப்பவர்கள் ஏராளம். பசை அசலா, ஆல்பத்தில் ஒட்டி வைக்க உதவும் ஹிஞ்ச் என்ற சிறு தாள்துண்டு ஒட்டிய தடம் உண்டா, தாள் எங்காவது மெலிந்திருக்கிறதா என்ற மூன்று பெரும் வழக்குகளும் பின்பக்கத்தில்தான் பிறக்கின்றன.

நாணயமானால் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் வைத்து, எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். அதை விற்பனைப் பதிவில் போடாமல் கைவசம் வைத்திருந்தாலும் சரியே. எடுத்த மூலக்கோப்புகளை, தேதி விவரம் அழியாமல், விற்று முடித்து ஓராண்டாவது காப்பாற்றுங்கள்.

"கடைசி விலை என்ன?" என்று ஒரே வரியில் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

முதலில் கோபத்தை ஒதுக்கி, நம் விலையை நாமே ஒரு முறை சந்தேகிப்பது நல்லது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்து விற்கும் விலையைக் கேட்டார்கள். மறுபாதியினரிடம் அதையே வாங்கும் விலையைக் கேட்டார்கள். கையில் வாங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தும், வைத்திருந்தவர்கள் கேட்ட விலை மற்றவர்கள் தரத் துணிந்ததைப் போல் இருமடங்குக்கும் மேல் இருந்தது. சில நிமிட உடைமைக்கே அப்படியென்றால், 20 ஆண்டுகள் ஆல்பத்தில் வைத்துப் பார்த்து மகிழ்ந்த பொருளுக்கு நாம் போடும் விலையில் நம் பாசமும் கலந்திருக்கும். பிறர் கேட்டிருக்கும் விலைகளை விடுத்து, உண்மையில் விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள்.

பார்த்த பிறகும் நம் விலை நியாயம் என்று தெரிந்தால், பதிலுக்கு ஒரு வரி போதும்: "வணக்கம். பதிவில் உள்ளதே என் விலை. அஞ்சல் செலவு தனி. விருப்பமிருந்தால் தெரிவியுங்கள்." விலைக்குக் காரணம் சொல்லத் தொடங்கினால் அந்தக் காரணம் ஒவ்வொன்றும் பேரத்துக்கு ஒரு பிடியாகிவிடும்.

கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு வாங்காமலே போய்விடுகிறார்களே?

அவர்கள் கேட்டது பதிவில் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டியதா என்று பாருங்கள். ஆம் என்றால் பதிவில் சேர்த்துவிடுங்கள். அடுத்தவர் கேட்க மாட்டார். நான்காவது முறையும் புதிய படம் கேட்பவருக்கு, இனி படம் எடுக்க இயலாது என்று மரியாதையுடன் எழுதிவிடலாம். இதில் வருந்த வேறொன்றும் இல்லை.

ஏலத்தில் வென்றவர் பணம் கட்டாமல் இழுத்தடிக்கிறார். காரணம் என்ன?

பல நேரம் அவர் வென்றதே காரணம். எண்ணெய் வயல்களுக்கான ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-இல் ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார்கள். மதிப்பு உறுதியாகத் தெரியாத ஒன்றை ஒவ்வொருவரும் தத்தம் அறிவுக்கு எட்டியபடி கணித்து ஏலம் கேட்கும்போது, வெல்பவர் எல்லாரையும்விட மிகையாகக் கணித்தவராகவே இருப்பார். வென்றவரின் சாபம் என்று இதைச் சொல்கிறார்கள். சேகரிப்புப் பொருள் ஏலத்தில் கடைசி நிமிடப் போட்டி ஓய்ந்து, "நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்ற செய்தி வந்த மறுகணம், இவ்வளவு தர மற்றவர் எவரும் முன்வரவில்லை என்பது அவருக்கு உறைக்கிறது. அதன்பின் வீட்டில் அவசரச் செலவு, அட்டை வேலை செய்யவில்லை, குழந்தை தவறுதலாக அழுத்திவிட்டது என்று காரணங்கள் வரிசையாக வரும்.

நான் ஒரு நினைவூட்டல் அனுப்புவேன். தளம் தரும் கெடு முடிந்ததும், பணம் வராத விற்பனை என்று முறைப்படி பதிந்துவிட்டு அடுத்த ஏலத்துக்குப் போய்விடுவேன். மனமில்லாதவரை வற்புறுத்திப் பணம் கட்டவைத்தால் அதே பொருள் இரண்டு வாரத்தில் ஏதாவதொரு குறையைச் சுமந்துகொண்டு நம்மிடமே திரும்பி வரும். இரண்டாவதாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலையில் பொருளைத் தர முன்வருவது நியாயமே. அவர் மறுத்தால் குறை சொல்லக் கூடாது.

"பாதிப் பணத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் மோசமான மதிப்பீடு போடுவேன்" என்கிறார். பணிந்துபோகலாமா?

கூடாது. இந்த மிரட்டலுக்கு வலு வந்த வரலாறு ஒன்று உண்டு. ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் தொடக்கத்தில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடலாம். குறை சொன்ன வாங்குபவரை விற்பவர்கள் பதிலுக்குப் பழிவாங்கத் தொடங்கவே, 2008-இல் அந்தத் தளம் விற்பவர் வாங்குபவருக்குக் குறை மதிப்பீடு தருவதை நிறுத்திவிட்டது. விற்பவர்கள் அன்று செய்தது தவறு. அதைத் தடுத்ததும் சரியே. ஆனால் அதன் விளைவாகக் கத்தி ஒருவர் கையில் மட்டும் நின்றுவிட்டது.

மதிப்பீட்டைக் காட்டிப் பணம் கேட்பதைப் பெரிய தளங்கள் விதிமீறலாகவே கொள்கின்றன. ஆனால் மிரட்டல் தளத்தின் செய்திப்பெட்டிக்குள் எழுத்தில் இருந்தால்தான் அவர்கள் கண்ணுக்குப் படும். தொலைபேசியில் பேசலாம், வேறு செயலியில் பேசலாம் என்று அழைப்பவரிடம், "எல்லாவற்றையும் இங்கேயே பேசிக்கொள்வோம்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு இப்படி எழுதலாம்: "பொருள் விவரிப்புக்கு மாறாக இருப்பதாக நீங்கள் கருதினால் முழுமையாகத் திருப்பி அனுப்புங்கள், வந்து சேர்ந்ததும் முழுத் தொகையையும் தந்துவிடுகிறேன். பொருளை வைத்துக்கொண்டு பகுதித் தொகை பெறுவதற்கு நான் உடன்படவில்லை." உண்மையாகவே குறை கண்டவர் இதைக் கேட்டு நிம்மதியடைவார். விலையைப் பின்வழியாகக் குறைக்க நினைத்தவர் அநேகமாக மௌனமாகிவிடுவார், ஏனெனில் அவருக்குப் பொருள் பிடித்துத்தான் இருக்கிறது.

"திருப்பிப் பெறுவதில்லை" என்று பதிவில் எழுதிவிட்டால் பாதுகாப்புத்தானே?

மனம் மாறித் திருப்புபவரிடமிருந்து மட்டும் பாதுகாப்பு. விவரிப்புக்கு மாறானது என்று வாங்குபவர் சொல்லிவிட்டால் அந்த வரிக்கு மதிப்பில்லை. ஈபேயின் பணம் திரும்பும் உறுதி அப்படிப்பட்ட முறையீட்டுக்கு 30 நாள் தருகிறது. திருப்பியனுப்பும் செலவும் விற்பவர் தலையில் விழும். பேபால் என்ற இணையப் பணச் சேவை வழிப் பணம் செலுத்தியவர் 180 நாள் வரை வழக்குத் தொடுக்கலாம். கடன் அட்டை வழங்கிய வங்கியிடம் நேரே சென்று பணத்தை மீட்கும் சார்ஜ்பேக் என்ற வழி இவை எல்லாவற்றுக்கும் அப்பால் தனியே இருக்கிறது. எனவே அந்த வரியை நம்பி விவரிப்பைச் சுருக்கிவிடாதீர்கள்.

திரும்பி வந்த பொருள் நான் அனுப்பியது இல்லை. எப்படி நிரூபிப்பது?

இது எனக்கே நேர்ந்தது. ஒரு வெள்ளி நாணயத்தை விற்றேன். பத்து நாளில், "படத்தில் உள்ளதைவிட மங்கலாக இருக்கிறது" என்று ஒரு முறையீடு வந்தது. திருப்பியனுப்பச் சொன்னேன். பொட்டலத்தைப் பிரித்தபோது என் பிளாஸ்டிக் உறை அதே உறைதான்; நான் பென்சிலால் எழுதிய சிறு துண்டுச் சீட்டும் உள்ளேயே இருந்தது. நாணயத்தை விளக்கடியில் சாய்த்தபோதுதான் கை நின்றுவிட்டது. என் நாணயத்தில் எழுத்துகளுக்கிடையே படிந்திருந்த பழுப்புக் கறை இதில் இல்லை. எங்கும் ஒரே மாதிரியான, சுரண்டித் துலக்கிய வெளிர் பளபளப்பு. விளிம்பில் நான் குறித்துவைத்திருந்த நசுங்கலும் இல்லை. தராசில் வைத்தேன், 0.31 கிராம் குறைந்தது. ஆண்டு ஒன்று, வகை ஒன்று, ஆனால் நாணயம் வேறு. நல்லதை எடுத்துக்கொண்டு தன்னிடமிருந்த மட்டமானதை என் உறையில் போட்டு அனுப்பிவிட்டார்.

தளம் முதலில் அவருக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. நான் மேல்முறையீடு செய்தேன். நீண்ட கடிதம் எழுதவில்லை. விளிம்பின் அதே பகுதி அனுப்பியபோதும் திரும்பியபோதும் இருந்த நிலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒரே படம், தராசின் இரண்டு படங்கள், பொட்டலம் கட்டிய காணொளி, நான்கு வரி விளக்கம், அவ்வளவுதான் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துப் பணம் திரும்பி வந்தது, நாணயம் வரவில்லை. அதை நான் சேகரித்த காலத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

அன்றுமுதல் மதிப்புள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே வெட்டில்லாத காணொளி எடுக்கிறேன். பொருளின் தனி அடையாளத்தை அருகில் காட்டி, எடை போட்டு, உறையிலிட்டு, பெட்டியை ஒட்டி, முகவரிச் சீட்டை ஒட்டுவது வரை காமிரா எங்கும் நிற்காது. திரும்பி வரும் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் அப்படியே. பிரித்த பிறகு எடுத்த படத்துக்கு மதிப்புக் குறைவு.

"பொட்டலம் வரவில்லை", "வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை" என்ற இரு முறையீடுகளை எப்படி எதிர்கொள்வது?

முதலாவதற்கு டிராக்கிங் எண்ணும், மதிப்புக் கூடுதலானால் பெற்றவரின் கையொப்பமும் விடை. ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகைக்குக் கையொப்பச் சான்று இல்லையெனில் பேபாலின் விற்பவர் பாதுகாப்புக் கிடைக்காது. பணம் கட்டும்போது பதிவான முகவரிக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். "ஊருக்குப் போகிறேன், வேறு முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்" என்று பிறகு கேட்பவரிடம், விற்பனையை ரத்துசெய்து புதிய முகவரியுடன் மீண்டும் வாங்கச் சொல்லுங்கள். அது அவருக்குத் தொல்லையாகத்தான் இருக்கும். ஆயினும் வேறு வழியில்லை.

வெறும் பெட்டி வந்தது என்பவருக்கு எடைதான் பதில். அஞ்சலக ரசீதில் அச்சாகும் எடையைப் பலரும் பார்ப்பதே இல்லை. நான் அதைப் படமெடுத்து வைக்கிறேன். வழியில் உண்மையாகவே திருட்டு நடந்திருந்தால் பெறும் இடத்து எடை வேறாக இருக்கும். அப்போது நானும் அவரும் ஒரே பக்கத்தில் நின்று அஞ்சல் துறையிடம் கேட்க வேண்டியவர்கள். ஆகவே பொய் என்று எடுத்த எடுப்பில் குற்றம் சாட்டாதீர்கள்.

இங்கே பொட்டலம் கட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். நாணயத்தை மென்மையான பிவிசி உறையில் நெடுநாள் வைத்தால் பச்சை நிறப் பிசுக்குப் படியும். இசைத்தட்டை அட்டை உறைக்குள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் குலுங்கித் தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். தட்டை வேறு உறையிலிட்டு அட்டையின் பின்னால் வைக்க வேண்டும் என்பது அதைச் சேகரிப்பவர் எவரும் எதிர்பார்க்கும் மரியாதை. இவற்றைச் செய்யாமல் அனுப்பிவிட்டு வாங்குபவரைக் குறை சொல்ல முடியாது.

"இது போலி" என்று உறுதியாகச் சொல்கிறார். ஆனால் எனக்கு ஐயமில்லை. என்ன செய்வது?

எதைக் கண்டு அப்படிச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். பாதி நேரம் பதில் அறியாமையிலிருந்து வரும். ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த மரியா தெரசா தாலர் என்ற வெள்ளி நாணயம் இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம். அந்த அரசி இறந்த 1780 என்ற ஆண்டையே பொறித்து, வியன்னாவிலும் பின்னர் லண்டன், பாரிஸ், ரோம், பம்பாய் போன்ற பல அக்கசாலைகளிலும் 20-ஆம் நூற்றாண்டிலும் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். "1780 என்று போட்டிருக்கிறது, ஆனால் புத்தம் புதிதாக இருக்கிறதே, ஏமாற்றுகிறீர்களா?" என்று கேட்பவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அது மறு அச்சு என்பதைப் பதிவின் முதல் வரியிலேயே சொல்லாமல் விட்டது விற்பவரின் குறை.

அளந்து சொல்லக்கூடியவற்றை அளந்து சொல்லுங்கள். அந்தத் தாலரின் எடை ஏறத்தாழ 28.07 கிராம், ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, மீதி செம்பு. நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த நீர்க் குவளையில் குவளையைத் தொடாமல் மூழ்கவைத்தால் தராசு கூட்டிக் காட்டும் கிராம் எண்ணிக்கையே நாணயத்தின் கன அளவு. காற்றிலுள்ள எடையை அதனால் வகுத்தால் 10.2-க்கு அருகில் ஓர் எண் வர வேண்டும். தூய வெள்ளிக்கு அது 10.49, செம்புக்கு 8.96. பித்தளையில் வெள்ளி முலாம் பூசியிருந்தால் எண் தெளிவாகக் கீழே இறங்கும். இந்தச் சோதனை நாணயத்துக்குக் கேடு செய்யாது. முடிவில் துடைத்துத் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தினால் போதும்.

அதன் பின்னும் ஐயம் தீராதவரிடம், இருவரும் ஏற்கும் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்றும், உண்மை என்று வந்தால் கட்டணம் அவருடையது, போலி என்று வந்தால் கட்டணமும் பொருளின் விலையும் என்னுடையது என்றும் எழுதுவேன். மதிப்புக் குறைந்த பொருளுக்கு இவ்வளவு தூரம் போவதில் பயனில்லை. திரும்பப் பெற்றுக்கொள்வதே மேல்.

சுங்கப் படிவத்தில் "அன்பளிப்பு" என்று எழுதி மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்கிறார்.

மறுத்துவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போகும் அஞ்சலில் ஒட்டும் சிஎன் 22, சிஎன் 23 படிவங்களில் கையெழுத்திடுபவர் நீங்கள். பொய்யான அறிவிப்புக்கு நீங்களே பொறுப்பு. பொருள் தொலைந்தால் காப்பீட்டுத் தொகையும் நீங்கள் எழுதிய குறைந்த மதிப்பைத் தாண்டாது, வாங்குபவரோ முழுத்தொகையைக் கேட்பார். மேலும், நாணயங்களையும் பணத்தாள்களையும் காப்பீடற்ற அஞ்சலில் இடுவதற்கு அனைத்துலக அஞ்சல் விதிகளிலேயே கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு நாடும் தனக்கென்று தடைகளும் வைத்திருக்கிறது. பதியும் முன்பே எந்த நாடுகளுக்கு அனுப்புவீர்கள் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன், என் ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்கிறாரே?

பொருளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் முழு விலையும் தர முன்வருபவர் சேகரிப்பாளர் இல்லை. கூடுதல் தொகை அனுப்பியதாகச் சொல்லி மிச்சத்தைத் திருப்பிக் கேட்பார். பணம் வந்ததற்குச் சான்றாக ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். உங்கள் கணக்கை நீங்களே திறந்து பார்த்துப் பணம் உண்மையில் சேர்ந்திருந்தால் ஒழிய எதையும் அனுப்பாதீர்கள், திருப்பித் தராதீர்கள்.

வாங்குபவர் சொல்வதே சரியாக இருந்துவிட்டால்?

ஒப்புக்கொண்டு, அஞ்சல் செலவு உட்பட முழுத்தொகையையும் அன்றைக்கே தந்துவிடுவதுதான் முறை. இதையும் என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஒரு பழைய அஞ்சல்தலையைக் குறையற்றது என்று விவரித்து விற்றேன். வாங்கியவர் எழுதிய கடிதத்தில் சூடு தெறித்தது. என்னை ஏமாற்றுக்காரன் என்றே எழுதியிருந்தார். பதிலுக்கு நானும் சூடாக எழுதிவைத்து, அனுப்பாமல் ஓர் இரவு விட்டுவைத்தேன். தலை திரும்பி வந்ததும் இடுக்கியால் பிடித்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன். அரசரின் முகத்துக்குப் பின்னால், அரிசி மணியளவில், மற்ற இடத்தைவிட ஒளி கூடுதலாகக் கசிந்தது. எப்போதோ ஹிஞ்சைப் பிய்த்தபோது தாளின் மேலடுக்கும் உடன் போயிருக்கிறது. ஸ்கேனரில் அது விழவில்லை; நான் விளக்கில் பிடித்துப் பார்க்கவும் இல்லை. அவருடைய வார்த்தைகள் தவறு, அவர் கண்டது சரி. அப்படியே எழுதி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து அவரே வேறு நான்கு தலைகளை வாங்கினார்; இன்றும் வாங்குகிறார், இன்றும் கடுமையாகவே எழுதுகிறார்.

ஒருவரை எப்போது தடைப்பட்டியலில் சேர்க்கலாம்?

பணம் கட்டாமல் இரண்டாவது முறை விட்டவரை, மதிப்பீட்டைக் காட்டி மிரட்டியவரை, பொருளை மாற்றியவரை உடனே சேர்த்துவிடுங்கள். காரணம் சொல்லி எழுத வேண்டியதில்லை. அதிகம் கேட்பவரையும் முரட்டுத்தனமாக எழுதுபவரையும் அந்தக் காரணத்துக்காக மட்டும் நான் சேர்ப்பதில்லை. நுணுக்கமாகப் பார்ப்பவர்களும் அவர்களில்தான் இருக்கிறார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது தடை செய்தால் செய்தித் தொடர்பு அறுந்து உங்கள் சான்றுக்கே குறை வரலாம் என்பதால், தளத்தின் முடிவு வந்த பிறகு செய்யுங்கள்.